போன் திருட்டும் பஸ் ஸ்டாண்டு கூரையும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை என்பதால் துணிந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

2017 செப்டம்பர் 7, வியாழக்கிழமை. நம் சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்து 5 பேர் இறந்த நாள். உள்ளூர்க்காரர்களுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக இந்த ஒரு வரி.

அந்த வருடக் கடைசியில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் சமூக அறிவியல் படித்தவன். கூலிக்குத் தறி ஓட்டுகிறான். அவனுடைய 19 வயது மகன், பனியன் கம்பெனியில் கூட வேலை பார்த்த பையனின் செல்போனை எடுத்துவிட்டான். விலை 9 ஆயிரம் ரூபாய். எடுத்தது உண்மை, அப்பனே ஒப்புக்கொண்டான். போன் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனாலும் பையன் கைதாகி, ஜாமீன் கிடைத்து வெளியே வர 12 நாள் ஆயிற்று.

அது முடிந்த பிறகுதான் வந்திருந்தான். காபியைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு கேட்டான்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. ஒன்னு கேக்கோணுங்க. போனத் திருடுனா ஜாமீன்ல விடமுடியாத குத்தம்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாருங்க. அலட்சியத்துல உசுரு போனா, அது ஜாமீன்ல விடற குத்தம்னும் அவரேதான் சொல்றாருங்க. நம்ம பஸ் ஸ்டாண்டுல அஞ்சு பேரு செத்தாங்களே சார். அஞ்சு உசுர விட ஒரு போன் பெருசுங்களா?”

“இரு கண்ணு, படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன். முப்பது வருடம் ‘சட்டத்தின் முன் அனைவரும் சமம்’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். குற்றங்களைச் சட்டம் எப்படிச் சிறிது, பெரிது என்று பிரிக்கிறது என்பது எந்த வகுப்புப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அன்று தொடங்கிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. வழக்கு உள்ளவர்கள் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், அந்தக் குமாஸ்தா சொன்னது உண்மையா? உண்மைதான். அன்றைக்கு நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்குப் பிரிவு 379. அதிகபட்சம் 3 வருடம், ஜாமீனில் விட முடியாத குற்றம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பிரிவு 304ஏ. அதிகபட்சம் 2 வருடம், ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இறந்தவர் ஒருவரா ஐந்து பேரா என்பது அந்தப் பிரிவின் அளவை மாற்றாது. நம் பஸ் ஸ்டாண்டு வழக்கில் யார் மீது என்ன பிரிவு, அது என்ன ஆயிற்று என்பதற்குள் நான் போகவில்லை. சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் பேசுகிறேன்.

குற்றம் என்ன, தண்டனை என்ன என்று சொல்வது ஒரு சட்டம். அந்தக் குற்றத்தைப் போலீசும் கோர்ட்டும் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்வது இன்னொரு சட்டம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்றிருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. தண்டனைச் சட்டமும் அன்றே பாரதிய நியாய சன்ஹிதா ஆனது. பழசிலும் சரி, புதுசிலும் சரி, நடைமுறைச் சட்டத்தின் கடைசியில் ‘முதல் அட்டவணை’ என்று ஒன்று இருக்கிறது. நம் பள்ளிக்கூட மதிப்பெண் பதிவேடு மாதிரிதான். ஆறு கட்டங்கள். பிரிவு எண், குற்றம், தண்டனை, போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாமா, ஜாமீன் உரிமையா, எந்தக் கோர்ட் விசாரிக்கும். ஒவ்வொரு குற்றத்துக்கும் இந்த ஆறு கட்டமும் நிரப்பப்பட்டிருக்கும்.

நமக்கு நாலாவது கட்டமும் ஐந்தாவது கட்டமும்தான் முக்கியம். ஏனென்றால் தண்டனை என்பது வழக்கு முடியும்போது வருவது. இந்த இரண்டு கட்டங்களும் முதல் நாளே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன.

நாலாவது கட்டத்தைப் பாருங்கள். தறிக்குடோனில் இரண்டு பேருக்குள் தகராறு. ஒருவன் இன்னொருவனைக் கன்னத்தில் அறைந்துவிட்டான். இது சாதாரணக் காயம். பிடியாணை வேண்டிய குற்றம். மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் இதைப் புலன் விசாரணை செய்யவே கூடாது. அதனால்தான் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்புகிறார்கள். ‘போலீஸ் கண்டுக்கவே இல்லை’ என்று நாம் திட்டுகிறோம். அதே அறையில் ஒரு பல் உடைந்துவிட்டால் அது கொடுங்காயம். எலும்பு முறிவும் பல் உடைவும் ஒரே வரிசையில்தான் வருகின்றன. அப்போது எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும். பிடியாணை வேண்டாக் குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதுச் சட்டத்தில் ஒரு சின்ன இடைவெளி வைத்திருக்கிறார்கள். 3 வருடம் முதல் 7 வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம்.

நம் ஊரில் தினமும் நடக்கிற இன்னொன்று செக் விவகாரம். நூலுக்குக் கொடுத்த செக், துணிக்குக் கொடுத்த செக், பணமில்லாமல் திரும்பிவிட்டது. ஸ்டேஷனுக்கு ஓடுகிறோம். அங்கே எடுக்க மாட்டார்கள். அது மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நேராகத் தனிப் புகார் கொடுக்க வேண்டிய குற்றம். செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். ஸ்டேஷன் வாசலில் நின்றே இந்த நாட்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாவது கட்டம் ஜாமீன். ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால் ஜாமீன் உங்கள் உரிமை. கேட்டால் ஸ்டேஷனிலேயே விட்டாக வேண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம் என்றால் ஜாமீனே கிடையாது என்று பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. கொடுப்பதும் மறுப்பதும் கோர்ட் முடிவு, அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ என்பதில்தான் ஏழைக்கு வக்கீல் ஃபீஸ், ஜாமீன்தாரர், சொத்து வரி ரசீது, நாலைந்து நாள் கூலி எல்லாம் அடங்கியிருக்கிறது.

நாலாவது கட்டமும் ஐந்தாவது கட்டமும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். பல் உடைத்தவனைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஆனால் ஜாமீன் அவன் உரிமை. அலட்சியத்தால் மரணம் என்பதும் அப்படித்தான். கைது செய்யலாம், உடனே ஜாமீனில் போகலாம்.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருவோம். ஏன் இப்படி?

சட்டம் குற்றத்தின் எடையை இழப்பை வைத்து மட்டும் போடுவதில்லை. செய்தவனின் மனதில் என்ன இருந்தது என்று முதலில் பார்க்கிறது. திருடன் வேண்டுமென்றே எடுக்கிறான். அலட்சியக்காரன் யாரும் சாகவேண்டும் என்று நினைக்கவில்லை. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் ஒரு டவுன் பஸ் டிரைவர் இருந்தார். இருபத்தைந்து வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியவர். ஒரு மழைநாளில் சைக்கிளில் வந்தவர் ஒருவர் அவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்துவிட்டார். அந்த டிரைவரையும், அரிவாளை எடுத்துக்கொண்டு காத்திருந்து வெட்டியவனையும் ஒரே தட்டில் வைக்க நம்மில் யாருக்கு மனம் வரும்? அந்த டிரைவர் அன்றே ஜாமீனில் வீட்டுக்கு வந்தார். வந்ததில் எனக்கு ஆறுதல்தான்.

எனவே ஒரு முனையில் கொலை இருக்கிறது. மறு முனையில் அலட்சியம் இருக்கிறது. சாதாரணமாக நாம் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆனால் சட்டம் நடுவில் ஒரு படி வைத்திருக்கிறது. அதைத்தான் இன்று நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. ஆனால் ‘இப்படிச் செய்தால் உயிர் போகக்கூடும்’ என்பது தெரியும். தெரிந்தும் செய்கிறார். இது கொலையாகாத மரணம் விளைவிக்கும் குற்றம். பழைய சட்டத்தில் 304-ன் இரண்டாம் பகுதி, புதுச் சட்டத்தில் 105. தண்டனை 10 வருடம் வரை. ஜாமீனில் விட முடியாத குற்றம். விசாரிப்பது செஷன்ஸ் கோர்ட். 304 என்பதற்குப் பக்கத்தில் ‘ஏ’ என்று ஒரு எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதில் 2 வருடமா 10 வருடமா என்பது அடங்கியிருந்தது. அந்த ‘ஏ’ பிரிவு 1860-ல் எழுதிய மூலச் சட்டத்தில் கிடையாது. 1870-ல்தான் சேர்த்தார்கள். அன்று எழுதிய 2 வருடம் என்ற கணக்கு 2024 ஜூன் வரை அப்படியே இருந்தது. இப்போது பிரிவு 106-ல் பொதுவாக 5 வருடம் வரை ஆக்கியிருக்கிறார்கள். ஜாமீன் கட்டத்தில் மாற்றம் இல்லை.

அலட்சியத்துக்கும் அறிந்தே செய்ததற்கும் நடுவில் உள்ள இந்த ஒரு படிக்காகத்தான் நாட்டின் பெரிய வழக்குகள் வருடக்கணக்கில் நடந்திருக்கின்றன.

2006 நவம்பரில் மும்பை பாந்த்ராவில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிய ஒருவர், நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மேல் ஏற்றினார். 7 பேர் இறந்தார்கள். இது வெறும் அலட்சியம் அல்ல, ஆபத்து தெரிந்தே ஓட்டியது என்று 304-ன் இரண்டாம் பகுதியில் தண்டித்ததை 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

போபாலில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 304-ன் கீழ் தொடங்கிய வழக்கை 1996-ல் உச்ச நீதிமன்றம் 304ஏ-க்கு இறக்கியது. அன்று இரவு உயிர் போகும் என்று தெரிந்தே ஆலையை இயக்கினார்கள் என்பதைக் காட்டும் ஆதாரம் இல்லை என்பது காரணம். 2010 ஜூன் 7-ல் தீர்ப்பு வந்தது. 2 வருடம் தண்டனை. அன்றே ஜாமீன். 26 வருடம் காத்திருந்த மக்கள் கோர்ட் வாசலில் நின்று அழுததை டி.வி.யில் பார்த்தோம். நீதிபதி நினைத்திருந்தாலும் அந்தப் பிரிவில் அதற்கு மேல் கொடுக்க வழி கிடையாது.

ஆசிரியர்களான எங்களுக்குக் கும்பகோணம் மறக்காது. 2004 ஜூலை 16. 94 குழந்தைகள். கீற்றுக் கொட்டகைக்குக் கீழே வகுப்பறை, பக்கத்தில் அடுப்பு. பத்து வருடம் கழித்து 2014 ஜூலை 30-ல் தஞ்சாவூர் கோர்ட் 10 பேரைத் தண்டித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. அலட்சியப் பிரிவில் ஆயுள் கொடுக்க முடியாது. அப்படியானால் அந்தக் கோர்ட் அலட்சியம் என்ற படியைத் தாண்டிப் பார்த்தது என்று அர்த்தம். பிறகு 2017 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், அவர் அதுவரை சிறையில் இருந்த காலமே போதும் என்று தண்டனையைக் குறைத்தது. நம் பஸ் ஸ்டாண்டு கூரை விழுந்தது அதற்கு அடுத்த மாதம்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். ஒரு கட்டடம் விழுந்து உயிர் போனால், ‘அவர்களுக்குத் தெரியுமா?’ என்ற கேள்விதான் வழக்கின் எடையைத் தீர்மானிக்கிறது. தெரியும் என்று எப்படி நிரூபிப்பது? மனதைத் திறந்து பார்க்க முடியாது. காகிதம்தான் பேசும்.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கூரையில் கம்பி தெரிகிறது, காரை உதிர்கிறது, டீக்கடையில் பேசுகிறோம். ‘என்னைக்கோ ஒரு நாள் விழுகப்போகுது பாரு’ என்கிறோம். ஊருக்கே தெரியும். ஆனால் அலுவலகத்தின் கோப்பில் ஒரு வரி இல்லை. விழுந்த பிறகு ‘எங்கள் கவனத்துக்கு யாரும் கொண்டுவரவில்லை’ என்று ஒரு வாக்கியம் வரும். அந்த வாக்கியம் நிற்கும்.

2018-ல் பக்கத்து ஊரில் குடிதண்ணீர் மேல்நிலைத் தொட்டி ஒன்று தூண் வெடித்து நின்றது. அடியில் ரேஷன் வாங்க வரிசை நிற்கும். ஊர்க்காரர்கள் வாய்மொழியாகப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஒரு மனுவும் கொடுத்திருந்தார்கள், ரசீது வாங்கவில்லை. நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். நாலு பக்கமும் போட்டோ, தேதியோடு. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். ‘இத்தொட்டி எந்நேரமும் இடிந்து உயிரிழப்பு ஏற்படக்கூடும் என்பது இன்றைய தேதியில் தங்கள் கவனத்துக்கு எழுத்துமூலம் கொண்டுவரப்படுகிறது.’ ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரத்தில் இன்ஜினியர் வந்து பார்த்தார். ரேஷன் வரிசை இடம் மாறியது. அடுத்த கோடையில் தொட்டியை இடித்தார்கள். அந்த ஒரு வரி எங்களுக்காக எழுதியதல்ல. படிப்பவர் தன் பெயரை நினைத்துப் பார்ப்பதற்காக எழுதியது.

ஒரு மனு இருந்தால் உடனே 10 வருடத் தண்டனை என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிரிவு பொருந்தும் என்பது சாட்சியத்தைப் பார்த்துக் கோர்ட் சொல்ல வேண்டியது. ஆனால் ‘தெரியாது’ என்று சொல்லும் வழியை ஒரு மனு அடைத்துவிடும். அதைவிட முக்கியம், விழும் முன்பே யாராவது வந்து பார்க்க வைக்கும்.

இந்த அட்டவணை ஆகாயத்திலிருந்து விழுந்ததும் அல்ல. மலக்குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆளை இறக்குவதைத் தடுக்கும் 2013-ம் வருடச் சட்டத்தைப் பாருங்கள். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கு 2 வருடம் வரைதான் தண்டனை. ஆனால் பிடியாணை வேண்டாம், ஜாமீனில் விட முடியாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய 304ஏ-யிலும் அதே 2 வருடம்தான், ஜாமீன் கட்டம் மட்டும் வேறு. நாடாளுமன்றம் மனது வைத்தால் மாற்றலாம் என்பதற்கு இதுவே சாட்சி. பனியன் கம்பெனிகளிலும் சாயப்பட்டறைகளிலும் தொட்டி கழுவ இறங்கச் சொன்னால், சொல்பவர் செய்வது என்ன மாதிரியான குற்றம் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் மாணவனின் மகன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். திருட்டு, பொருளின் சொந்தக்காரர் சம்மதித்தால் சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம். போன்காரப் பையன் நல்லவன், சம்மதித்தான். வழக்கு முடிந்தது. 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து வரச்சொன்னால் போதும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியிருந்தது. அதை எடுத்துச் சொல்ல அன்று அந்தப் பையன் பக்கத்தில் யாரும் இல்லை. கம்பெனியில் வேலை போயிற்று. இரண்டு வருடம் சொந்தக்காரர் விசேஷங்களுக்கு அவன் வரவில்லை. இப்போது ஈரோட்டில் டெம்போ ஓட்டுகிறான். புதுச் சட்டத்தில் 5 ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். அதற்குப் பிடியாணை இல்லாமல் கைதும் கிடையாது. நல்ல மாற்றம். அவனுடைய 9 ஆயிரம் ரூபாய் போன் இதிலும் அடங்காது.

அவனுடைய அப்பன் கேட்டதற்கு என் பதில் இதுதான். உசுரை விடப் போன் பெரிதல்ல. ஆனால் சட்டம் உயிரை எண்ணுவதற்கு முன் மனதை எடை போடுகிறது. போனை எடுத்தவன் மனது எல்லோருக்கும் உடனே தெரிகிறது, கையில் பொருள் இருக்கிறது. கூரையைப் பார்க்காமல் விட்டவர்களின் மனது கோப்புகளுக்குள் இருக்கிறது. அந்தக் கோப்பில் நாம் எழுதிவைத்தால்தான் இருக்கும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் தெருவில், பிள்ளைகள் படிக்கும் பள்ளியில், அங்கன்வாடியில், வேலை செய்யும் குடோனில் விரிசல் விட்ட கூரை, சாய்ந்த மின்கம்பம், மூடியில்லாத தொட்டி இருந்தால் போட்டோ எடுங்கள். தேதி போட்டு மனு எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவின் நகலையும் ரசீதையும் ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுதத் தயங்குகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் இருப்பேன். போட்டோவை மட்டும் பிரிண்ட் போட்டு எடுத்து வந்துவிடுங்கள், என் வீட்டில் பிரிண்டர் இல்லை.